அடுப்படியில் ஆட்டக்காரர்: சமையல் சாகச கேமின் ஆட்டமுறைகளைப் பிறரைக் கொண்டு பரீட்சிக்கும் விதம்

சமையலை மையமாகக் கொண்ட சாகச கேம் ஒன்றைத் தனியாகவோ, இரண்டொரு நண்பர்களோடு சேர்ந்தோ உருவாக்கிக்கொண்டிருக்கும் நீங்கள், அதிலுள்ள ஒரே ஒரு பண்டத்தையாவது, பொருள் சேகரிப்பதில் தொடங்கி, அரிந்து, வதக்கி, வேகவைத்து, கதாபாத்திரம் ஒருவருக்குப் பரிமாறுவது வரையில் இடையில் அறுந்துபோகாமல் ஆடக்கூடிய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டீர்களாயின், அதைப் பிறர் கையில் கொடுத்துப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது. ஓவியங்கள் முடியவில்லையே, இசை சேர்க்கவில்லையே என்று தயங்க வேண்டாம். வாணலி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிற வட்டம் இருந்தாலும் பாதகமில்லை. ஓவியர் ஒரு மாத காலம் உழைத்து வரைந்த வாணலியைப் பார்த்துவிட்ட பிறகு, அந்த வாணலியில் கிளறும் ஆட்டமுறை சரியில்லை என்று தெரிந்தாலும் அதை எடுத்தெறிய மனம் வராது.

இவ்வகை கேமுக்கு ஒரு விசேஷமுண்டு. வாட்போர் கேமை ஆட வருபவர் வாழ்க்கையில் வாள் பிடித்திருக்க மாட்டார்; ஆகையால் இந்த பட்டனை அழுத்தினால் வாள் வீசும் என்று நாம் சொன்னதை ஏற்றுக்கொள்கிறார். சமையல் கேமை ஆட வருபவரோ தம் வீட்டு அடுப்படியையும், அங்கே தாம் கண்டும் செய்தும் பழகிய கிரமத்தையும் மனத்தில் சுமந்துகொண்டே வருகிறார். அவர் ‘இது சரியில்லை’ என்று சொல்லும்போது, கை வழங்கவில்லை என்கிறாரா, கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறாரா, அல்லது தம் வீட்டில் இப்படிச் சமைப்பதில்லை என்கிறாரா என்பதைப் பிரித்தறியாமல் எதையும் திருத்தப் புகுந்தால், நோயொன்றிருக்க மருந்தொன்று கொடுத்ததாக முடியும். இப்பிரிவினையைச் செய்யக் கற்றுக்கொள்வதே இவ்வத்தியாயத்தின் பிரதான நோக்கம்.

யாரை அழைப்பது?

மூன்று வகையாரை அழையுங்கள்: கேம் ஆடிப் பழகியும் சமையலறியாதவர், சமையலில் தேர்ந்தும் கண்ட்ரோலரையே தொட்டறியாதவர், இரண்டும் அறிந்தவர். முதல் வகையாரிடம் உங்கள் சமையல் குறிப்பு புரிகிறதா என்பதும், இரண்டாம் வகையாரிடம் பட்டன்கள் கைக்கு வசப்படுகின்றனவா என்பதும், மூன்றாம் வகையாரிடம் கேம் சலிப்பூட்டாமல் நீடிக்கிறதா என்பதும் வெளிப்படும். எல்லோரையும் ஒரே கூட்டமாகக் கருதி அவர்களுடைய மதிப்பெண்களைச் சராசரி எடுப்பது பயனற்றது; ஒருவருக்கு மிக எளிதாகவும் மற்றவருக்கு மிகக் கடினமாகவும் இருந்த பண்டம், சராசரியில் ‘சுமார்’ என்று காட்டும்; அந்தச் சுமார் என்ற அனுபவம் எவருக்குமே நேர்ந்திராது.

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு, பயன்பாட்டியல் அறிஞர் ஜேகப் நீல்சன் 2000ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரை வாயிலாகப் பரவிய ‘ஐந்து பேர் போதும்’ என்னும் விதியைப் பலரும் எடுத்துக்காட்டுவர். ஒரே தன்மையுள்ள ஐந்து பேரிடம் பரீட்சித்தால் இருக்கும் இடர்களில் பெரும்பகுதி வெளிவந்துவிடும் என்பதே அதன் சாரம். ‘ஒரே தன்மையுள்ள’ என்ற நிபந்தனையை மறந்துவிடாதீர்கள். மேலே சொன்ன மூன்று வகைக்கும் தனித்தனியே ஐவர் கிடைத்தால் உத்தமம். கிடைக்காவிடில் வகைக்கு மூவரையேனும் தேடுங்கள்.

ஒருவர் உங்கள் கேமை முதன்முதலாக ஆடுவது ஒரே ஒரு தடவைதான் நிகழும். எனவே தெரிந்தவர்கள் அனைவரையும் முதல் பில்டுக்கே அழைத்துச் செலவழித்துவிடாமல், பாதிப்பேரையாவது பின்னால் வரும் திருத்திய பில்டுகளுக்காக நிறுத்தி வையுங்கள். வீட்டாரும் நெருங்கிய நண்பர்களும் பக் கண்டுபிடிக்க உதவுவார்கள். அபிப்பிராயம் கேட்க அவர்களை நாட வேண்டாம். உங்கள்மீது கொண்ட அன்பு அவர்களை உண்மை சொல்ல விடாது.

முன்னேற்பாடு

1. அன்றைய பரீட்சையில் அறிய விரும்பும் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். ‘கேம் நன்றாயிருக்கிறதா?’ என்பது கேள்வியாகாது. ‘மாவு புளித்துவிட்டதென்பதை ஆட்டக்காரர் யார் உதவியுமின்றி அறிகிறாரா?’ என்பது கேள்வி.

2. பில்டுக்கு எண்ணிட்டு, அந்த எண் ஸ்க்ரீன் மூலையில் எப்போதும் தெரியும்படி செய்யுங்கள். எண்ணில்லாத பில்டைப் பற்றி வந்த குறை எந்தப் பில்டுக்குரியது என்று ஒரு வாரத்துக்குப்பின் சொல்ல இயலாது.

3. ஒவ்வொரு பண்டத்தின் தொடக்கத்திலும் ஒரு சேவ் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் நடுவில் உறைந்துபோனால் வந்தவரை மீண்டும் ஆரம்பத்திலிருந்து ஆடச் சொல்வது அவருடைய நேரத்துக்குச் செய்யும் அவமரியாதை.

4. பண்டம் தொடங்கியது, ஒவ்வொரு படியும் முடிந்தது, தவறிய படி, சமையல் குறிப்பைத் திறந்து பார்த்தது, பாதியில் கைவிட்டது ஆகிய ஐந்தையும் நேரத்தோடு ஒரு கோப்பில் தானே எழுதிக்கொள்ளும்படி கேமை அமையுங்கள். இதற்கு விசேஷ மென்பொருள் எதுவும் தேவையில்லை. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு போதும்.

5. ஸ்க்ரீனையும் ஆட்டக்காரரின் கைகளையும் வீடியோவில் பதிவு செய்ய ஏற்பாடு செய்யுங்கள். முகத்தைப் பதிவு செய்வது பெரும்பாலும் அவசியமில்லை.

6. இந்த வரிசை முழுவதையும் வேறொருவரைக் கொண்டு ஒருமுறை ஒத்திகை பாருங்கள்.

குறிப்பு: ஆட்டத்துக்கு முக்கால் மணி, பேச்சுக்குக் கால் மணி என்று மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்வது நல்லது. அதற்குமேல் களைப்பு வந்துவிட்டால், களைப்பின் குறையும் கேமின் குறையும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

ஆட்டம் நடக்கும் வேளையில்

1. வந்தவரை உட்காரவைத்து, பரீட்சிக்கப்படுவது கேம்தானே ஒழிய அவரல்லர் என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். கண்ட்ரோலர் அறியாத முதியவர்களிடம் இதை இரண்டு தடவை சொல்வது அவசியம். தமக்குத்தான் சாமர்த்தியம் போதவில்லை என்று எண்ணி அவர்கள் மௌனமாகிவிடுவார்கள்.

2. மனத்தில் தோன்றுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது இயல்பாக வராது, வற்புறுத்த வேண்டாம்.

3. அவருக்குப் பின்புறமாக, பார்வையில் படாத பக்கத்தில் அமருங்கள். முன்னால் அமர்ந்தால் உங்கள் முகக்குறிப்பே அவருக்கு வழிகாட்டியாகிவிடும்.

4. உதவி செய்யாதீர்கள். இதுவே எல்லாவற்றிலும் கடினமான காரியம். நீங்கள் மாதக்கணக்கில் உழைத்து வைத்த மூடியைத் திறக்கத் தெரியாமல் ஒருவர் அதைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டு வாளாவிருக்க வேண்டும். அவர் உங்களிடம் வழி கேட்டால், ‘நான் இங்கே இல்லையென்றால் என்ன செய்வீர்கள்?’ என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். அதன்பின் முழுதாக மூன்று நிமிஷம் கடந்தும் அவர் அசையாதிருந்தால், ஒரே ஒரு வார்த்தையில் வழிகாட்டி, வழிகாட்டிய இடத்தைப் பெரிய குறையாகக் குறித்துக்கொண்டு மேலே செல்லுங்கள்.

5. கண்டதையும் கருதியதையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். ‘வெங்காயத்தை நாலு தடவை தவறான தட்டில் போட்டார்’ என்பது கண்டது. ‘குழம்பிவிட்டார்’ என்பது கருதியது.

ஆட்டம் முடிந்தபின் கேட்க வேண்டியவை

‘பிடித்திருந்ததா?’ என்று கேட்டால், நம் நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் முகதாட்சணியத்தால் பிடித்ததென்றே சொல்வார்கள். ஆகவே அபிப்பிராயத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். அந்தப் பண்டத்தை எப்படிச் செய்தீர்கள் என்று ஆதியோடந்தமாகத் தம் வாயால் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் படியை அவர் விட்டுவிடுகிறாரோ அந்தப் படி அவர் மனத்தில் பதியவில்லை. எந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது என்று கேளுங்கள். பண்டம் கெட்டுப்போனபோது எதனால் கெட்டதென்று நினைத்தீர்கள் என்று கேளுங்கள். இம்மூன்றாவது கேள்வியின் அருமை அடுத்த பகுதியில் விளங்கும்.

ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் குறையைச் சொல்லாமல் பரிகாரத்தைச் சொல்வார்கள். ‘இங்கே ஒரு டைமர் வைத்தால் நன்றாயிருக்கும்’ என்பார்கள். அதை மறுக்காமலும் ஏற்காமலும், ‘டைமர் இருந்தால் எந்தச் சமயத்தில் பார்த்திருப்பீர்கள்?’ என்று கேளுங்கள். பால் பொங்கி வழிந்தபோது என்று பதில் வந்தால், பால் பொங்கப்போவதை கேம் முன்கூட்டி அறிவிக்கவில்லை என்பதே உண்மையான குறை. வலி எங்கேயென்று சொல்வதில் ஆட்டக்காரரின் வார்த்தையை முழுதும் நம்புங்கள். வைத்தியம் இன்னதென்று தீர்மானிக்கும் பொறுப்பை மட்டும் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளைப் பிரித்தறிதல்

*கையின் குறை.* அரிவதற்கு பட்டனைத் தொடர்ந்து தட்ட வேண்டும், கிளறுவதற்குக் குச்சியைச் சுழற்ற வேண்டும் என்றெல்லாம் அமைப்பது, சமையலின் அசைவைக் கைக்குக் கொண்டுவரும் நல்லெண்ணத்தால் விளைவது. ஆனால் ‘சலிப்பாயிருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், அவர் கட்டைவிரலைப் பிசைந்துகொள்கிறாரா என்று வீடியோவில் பாருங்கள். சலிப்பென்று அவர் சொன்னது வலியாகவே இருக்கக்கூடும். 2016இல் வெளிவந்த ஓவர்குக்ட் கேமில் அரியும் பலகையருகே நின்று பட்டனை ஒருமுறை அழுத்தினால் போதும். நகராமல் நிற்கும் வரையில் கதாபாத்திரம் தானே அரிந்துகொண்டிருக்கும். அங்கே விலை கைவலியன்று. வேறொரு வேலைக்கு ஓட முடியாமல் நிற்கும் அந்த நேரமே விலை. எந்த ஆட்டமுறைக்கும் ஆட்டக்காரர் என்ன விலை கொடுக்கிறார் என்று இவ்விதம் கேட்டுப் பழகுவது பெரிதும் பிரயோஜனப்படும்.

*கண்ணின் குறை.* தாளிக்கும் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடுகு வெடிக்கும் முன்னே கறிவேப்பிலை போட்டால் தவறு என்று உங்கள் கேம் விதித்திருக்கிறது. ஆனால் எண்ணெய் காய்ந்ததற்கும் காயாததற்கும் ஸ்க்ரீனில் உள்ள வித்தியாசம் நிறம் சற்று மாறுவது மட்டுமே. சமையலறிந்தவர் படபடவென்ற ஒலிக்காகக் காத்திருந்து ஏமாறுவார். அறியாதவருக்கோ காத்திருக்க வேண்டுமென்பதே தெரியாது. இருவரும் ஒரே இடத்தில் தவறுவார்கள். காரணங்கள் வேறாயினும் இருவருக்கும் பரிகாரம் ஒன்றே: பதத்தை நிறத்தாலும், உருவத்தாலும், ஒலியாலும் மும்முறை அறிவியுங்கள். வெங்காயம் பொன்னிறமாவதையும் இறைச்சி பழுப்பாவதையும் நிறத்தால் மட்டும் காட்டுகிற கேம், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத ஆட்டக்காரரை வெளியே நிறுத்திவிடுகிறது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் ஏறத்தாழ 12 பேருக்கு ஒருவர் இத்தகையவர். பிற மக்களிடையே விகிதம் குறைவாயினும் புறக்கணிக்கத்தக்கதன்று. செவிப்புலன் குன்றியவருக்கு ஒலி மட்டும் போதாதென்பதும் இதைப் போன்றதே. ஓவர்குக்ட் கேமில் பாத்திரம் கருகப்போகும்போது எச்சரிக்கைச் சின்னம் மின்னுவதோடு ஒலியும் எழும். நெருப்புப் பற்றிக்கொண்டால் குற்றம் ஆட்டக்காரருடையதே என்று அவரே ஒப்புக்கொள்வதற்கு இந்த இரட்டை அறிவிப்பு காரணமாகிறது.

*அறியாமையும் புதிரும்.* டொரொண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023 ஜூலை 31 அன்று வெளியிட்ட வெண்பா, இவ்விஷயத்தில் நம் வாசகர்கள் அவசியம் ஆடிப் பார்க்க வேண்டிய கேம். 1980களின் இறுதியில் கனடாவில் வாழும் தமிழ்த் தம்பதியரின் கதையில், தாய் கொடுத்த சமையல் குறிப்பேடு சிதைந்து, சில வரிகள் அழிந்துபோயிருக்கின்றன; எஞ்சியதைக் கொண்டு விடுபட்ட படியை ஆட்டக்காரர் ஊகித்தறிய வேண்டும். கடிகாரம் துரத்துவதில்லை, தவறினால் அந்தப் பண்டத்தை மீண்டும் முயலலாம். இட்டிலியையும் புட்டையும் பார்த்தேயிராத ஒருவர்கூட, பாத்திரத்தின் அமைப்பையும் குறிப்பின் மிச்சத்தையும் பார்த்து யோசித்தால் விடையை அடைய வழியிருப்பதே அதன் சிறப்பு. 2024இல் அது பாஃப்டாவின் அறிமுக கேம் விருதைப் பெற்றது.

உங்கள் புதிர் நியாயமானதா என்று அறிய, மேலே சொன்ன மூன்றாவது கேள்வியைப் பயன்படுத்துங்கள். பண்டம் கெட்டதற்குக் காரணம் சொல்ல முடிந்தவர், தவறினாலும் புதிருக்குள்ளேயே இருக்கிறார். அடுத்த முயற்சியில் வெல்வார். ‘ஏனென்றே தெரியவில்லை’ என்பவர் புதிருக்கு வெளியே நிற்கிறார். அவருக்குக் கடினத்தைக் குறைப்பதால் பயனில்லை, தடயத்தைச் சேர்க்க வேண்டும். மூவரில் இருவர் இந்தப் பதிலைச் சொன்னால், அந்தப் படியை உடனே திருத்துங்கள்.

*பொறுமையின் குறை.* காலக்கெடு, காத்திருத்தல், திரும்பத் திரும்பச் செய்தல் ஆகிய மூன்றும் இதில் அடங்கும். காலக்கெடுவால் விரையும் இன்பமும் ஒரு சாராருக்குண்டு. அதனாலேயே கேமை மூடிவைப்பவரும் உண்டு. இரு சாராரும் உங்கள் பரீட்சையில் தென்பட்டால், நடுவான ஒரு வேகத்தைத் தேடி இருவரையும் அதிருப்திப்படுத்துவதைவிட விருப்பத் தேர்வாக விடுவது மேல். குக், சர்வ், டெலிஷியஸ் வரிசையின் மூன்றாம் பாகம் அவசரமின்றி ஆடும் ‘சில்’ முறையைத் தந்தது. ஓவர்குக்ட் வரிசையின் தொகுப்புப் பதிப்பு, நேரத்தை நீட்டித்தும் ஒரு கட்டத்தைத் தாண்டிச் செல்ல அனுமதித்தும் உதவிமுறை ஒன்றைச் சேர்த்தது.

திரும்பச் செய்வதன் சலிப்பு முதல் ஆட்டத்தில் வெளிப்படாது. வெங்காயம் அரிவது முதல் தடவை குதூகலம். மூன்றாம் தடவை கடமை. பத்தாம் தடவை பாரம். எனவே ஒரே பண்டத்தை மூன்று தடவை செய்யவேண்டி வரும்படி ஒரு பரீட்சையையேனும் அமைத்து, மூன்றாம் தடவையில் ஆட்டக்காரரின் கண்கள் ஸ்க்ரீனை விட்டு எங்கே செல்கின்றன என்று கவனியுங்கள். கைவந்த படியைச் சுருக்கிவிடுவது ஒரு நல்ல யுக்தி.

சாகசப் பகுதியும் சமையல் பகுதியும் சந்திக்கும் இடம் தனிக் கவனத்துக்குரியது. காட்டுக்குள் காளான் பறிக்கப் போனவர், எத்தனை காளான் வேண்டுமென்பதை மறந்து அடுப்படிக்குத் திரும்பி வருகிறாரா? அப்படியாயின் குறிப்பேட்டை அவரோடு காட்டுக்கு அனுப்புங்கள். வாணலி அடுப்பிலிருக்கும்போது பாட்டி கதாபாத்திரம் உருக்கமான வசனம் பேசத் தொடங்கினால், ஆட்டக்காரர் வசனத்தைப் படிக்காமல் தாவிச் செல்வார். பிற்பாடு ‘கதை மனத்தில் ஒட்டவில்லை’ என்று குறை சொல்வார். கதாசிரியரை நொந்துகொள்ளாதீர்கள், வசனம் ஓடும் வரையில் அடுப்பின் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

*வழக்கின் குறை.* ‘எங்கள் வீட்டில் இப்படிச் செய்வதில்லை’ என்ற வாக்கியம் சமையல் கேமுக்கே உரியது. இதைக் கேட்டவுடன் பணிந்துவிடவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். ஹைதராபாத்தின் கச்சி பிரியாணியில் மசாலாவில் ஊறிய பச்சை இறைச்சியின்மீதே அரைவேக்காட்டு அரிசியைப் பரப்பித் தம் போடுவார்கள். இறைச்சியை முன்னரே வேகவைத்துக்கொள்ளும் பக்கி முறையும் உண்டு. திண்டுக்கல்லிலோ அரிசியே வேறு, சீரகச் சம்பா. கச்சி முறையை விதித்திருக்கும் கேமில், இறைச்சியை முதலில் வேகவைக்க முயன்று தோற்றவர் கேமைத் தவறென்பார். அவர் சொல்வதும் ஒரு நியாயமே. இத்தகைய இடத்தில் மூன்று வழிகள் உள்ளன:

1. இரண்டு கிரமத்திலும் பண்டம் நன்றாகவே வருமென்றால், இரண்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

2. ஒன்றையே ஏற்க வேண்டுமென்றால், இது இன்ன ஊரில் இன்னாருடைய முறை என்று குறிப்பேட்டிலேயே எழுதுங்கள். ‘பிரியாணி’ என்று பொதுப்பெயர் சூட்டாமல் ‘ஹைதராபாத் கச்சி பிரியாணி’ என்று பெயரிட்டாலே பாதி வழக்குத் தீரும்.

3. சொன்னவர் சுட்டியது மெய்யான பிழையென்றால், உதாரணமாக அரைத்த மாவைப் புளிக்கவிடாமலே பஞ்சுபோன்ற இட்டிலி வந்துவிடுகிறதென்றால், தயங்காமல் திருத்துங்கள். பிறருடைய உணவைக் கதையாக்க முன்வந்தவருக்கு அதைச் சரியாகச் சொல்லும் கடமையுண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

திருத்தி மீண்டும் பரீட்சித்தல்

மைக்ரோசாஃப்டைச் சேர்ந்த மைக்கேல் மெட்லாக்கும் அவருடைய சகாக்களும் 2002இல் விவரித்த ரைட் என்னும் முறை, சிறு குழுக்களுக்கு வெகு பொருத்தமானது. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகத்தின் பயிற்சிப் பகுதியை அவர்கள் இம்முறையில் செப்பனிட்டார்கள். குறையும் அதன் காரணமும் சந்தேகமறத் தெரிந்துவிட்டால், ஐவர் முடியட்டுமென்று காத்திராமல், ஒரே ஒருவருக்குப் பின்னும்கூடத் திருத்தத்தைச் செய்து, அடுத்து வருபவரிடம் திருத்திய பில்டையே கொடுப்பது அதன் உயிர்நாடி. நீங்கள் கடைப்பிடிக்க வேண்டிய வரிசை இது:

1. குறைகளை மூன்று அடுக்காக வகுங்கள்: காரணமும் பரிகாரமும் தெளிவானவை, காரணம் தெரிந்தும் பரிகாரம் தெரியாதவை, காரணமே தெரியாதவை.

2. முதல் அடுக்கை அன்றே திருத்துங்கள். மூன்றாம் அடுக்கைத் தொடாதீர்கள். இன்னும் சிலரைப் பார்த்தபின் அது தானே விளங்கும்.

3. ஒரே படியில் இரண்டு மாற்றங்களைச் சேர்த்துச் செய்யாதீர்கள். பலன் எதனால் வந்ததென்று தெரியாமற்போகும்.

4. எண்களை மாற்றும்போது துணிந்து மாற்றுங்கள். ஒரு எண்ணை இருமடங்காக்கு அல்லது பாதியாக்கு என்பது சிவிலிசேஷன் கேமை உருவாக்கிய சிட் மைய்யர் கடைப்பிடித்த விதி. பால் பொங்கும் நேரத்தை 10 விநாடியிலிருந்து 11 ஆக்கினால் எவருக்கும் வித்தியாசம் தெரியாது. 20 ஆக்கினால், நேரம்தான் குறையா இல்லையா என்பது உடனே விளங்கும்.

5. திருத்தம் பலித்ததா என்பதை மூன்று புதியவர்களிடமாவது பாருங்கள்.

அடிக்கடி நேரும் தவறுகள்

உரக்கப் பேசுபவரின் குறையைப் பெரிதாகவும், பேசாமல் கேமை மூடிவிட்டுப் போனவரின் குறையை இல்லாததாகவும் கொள்வது முதல் தவறு. பாதியில் கைவிட்ட இடங்களை நேரத்தோடு பதிவு செய்யச் சொன்னது இதற்காகவே. வாய்திறவாதவர்களின் சாட்சியம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

குறை சொன்னவரிடம் வாதாடுவது அடுத்தது. அந்தப் படிக்கு விளக்கம் குறிப்பேட்டில் இருக்கிறதே என்று நீங்கள் எடுத்துக்காட்டினால் அவர் தலையசைப்பார். அதன்பின் வேறெந்தக் குறையையும் சொல்ல மாட்டார். வந்த யோசனைகளையெல்லாம் சேர்த்துவிட முயல்வதும் அபாயமே. உப்பின் அளவு, அடுப்பின் தணல், கரண்டியின் வகை என்று ஒவ்வொருவர் சொல்லுக்கும் ஒரு புதிய ஆட்டமுறை சேர்ந்தால், கதை சொல்ல வந்த கேம் கணக்குப் பார்க்கும் கேமாகிவிடும்.

பாதுகாப்பு

கண்ணுக்கு: ஒரு விநாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மின்னும் ஒளி, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்தானது, செந்நிற மின்னல் மேலும் கொடியது. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னியதால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கருகும் எச்சரிக்கையும் தீப்பொறியும் நம்முடைய கேமில் சிவப்பாகவே மின்னுபவை. வெளியாருக்குக் கொடுக்கும் முன் வேகத்தை அளந்து பாருங்கள்; வலிப்பு வந்ததுண்டா என்று ஆட வருபவரிடம் முன்னரே கேளுங்கள்.

கைக்கு: தட்டிக்கொண்டேயிருக்கும் ஆட்டமுறை இருந்தால், அழுத்திப் பிடித்தாலே போதும் என்ற மாற்றுவழியையும் வையுங்கள். வலிக்கிறதென்று ஒருவர் சொன்ன கணமே ஆட்டத்தை நிறுத்துங்கள்.

தகவலுக்கு: குரலும் வீடியோவும் தனிநபர் தரவுகளே. எதைப் பதிவு செய்கிறீர்கள், எதற்காக, எப்போது அழிப்பீர்கள் என்று எழுதிக் காட்டிச் சம்மதம் பெறுங்கள். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்கள் விஷயத்தில் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலை இணையவழி திரட்டுவதற்குத் தனிச் சட்டம் உள்ளது.

அடுப்படிக்கு: எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால், அத்தண்ணீர் நொடியில் ஆவியாகி எரியும் எண்ணெயை நாற்புறமும் வாரியடிக்கும். அடுப்பை அணைத்து, வாணலியை மூடியால் மூடுவதே சரி. உங்கள் கேமில் எண்ணெய்த் தீயைத் தண்ணீரால் அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். பரீட்சையில் எவரேனும் அப்படி முயன்றால், அது கேமில் பலிக்கக் கூடாது. கேம்தானே என்று விட்டுவிடத்தக்க விஷயமன்று இது. சமையல் கேமில் கற்ற கை ஒருநாள் மெய்யான அடுப்பின் முன் நிற்கக்கூடும்.

வெளியாருக்குத் திறந்துவிடும்போது

நேரில் பார்த்த பரீட்சைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருவது நின்றபின்னரே, முகமறியாத பலருக்கு கேமைத் திறந்துவிடுங்கள். ஸ்டீம் தளத்தின் ப்ளேடெஸ்ட் வசதியில் பணம் வாங்க முடியாது. மதிப்புரையும் எழுத முடியாது. ஆகவே அரைகுறை நிலையில் கேமின் பெயர் கெடாது. 2013 முதல் அங்குள்ள எர்லி ஆக்ஸெஸ் முறையிலோ பணமும் உண்டு, மதிப்புரையும் உண்டு. முதலாவது முடியாமல் இரண்டாவதற்குப் போகாதீர்கள்.

இந்நிலையில் கைகளைப் பார்க்க முடியாதாகையால், கோப்பில் பதிவாகும் எண்களே உங்கள் கண்கள். எந்தப் படியில் அதிகம் பேர் நின்றுவிட்டார்கள் என்று எண்கள் சொல்லும். ஏன் என்று சொல்லா. அந்தப் படியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒதுக்கி வைத்த புதியவர்களில் மூவரை அழைத்து மீண்டும் பின்னால் அமருங்கள். ஒவ்வொரு புதிய பில்டோடும் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டு, எந்தெந்தக் குறை திருத்தப்பட்டது, எது எக்காரணத்தால் திருத்தப்படவில்லை என்ற இரண்டையும், பில்ட் எண்ணோடும் தேதியோடும் எழுதுங்கள்.